பச்சை என்று நான் சொன்னது

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. முப்பத்தேழு வயது வரை இதை நான் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். எங்கள் தெருவில் படித்து முடித்தவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது ரயில்வே பரீட்சை எழுதுவார்கள். நானும் எழுதினேன், தேறினேன். மெடிக்கலில் ஒரு புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்தார்கள். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் முழுக்க வண்ணப் புள்ளிகள். உள்ளே ஒரு எண் இருக்கிறது, படி என்றார்கள். முதல் பக்கத்தைப் படித்தேன். அடுத்த பக்கத்திலிருந்து எனக்கு வெறும் புள்ளிகள்தான். டாக்டர் நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார். வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடும்போது சொன்னார்.

"இதை எவன்கிட்டயும் சொல்லிக்காதே. வேற எந்த வேலைக்கும் ஆகாதுன்னு முத்திரை குத்திடுவான்."

கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். எனக்கும் அதே பயம் ஒட்டிக்கொண்டது.

கையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ இருந்தது. டிஜிட்டல் லைன்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில், மன்னார்புரம் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் தலைமை இடத்தையும் கிளையையும் நேராக இணைக்கும் தனி லைன்கள் அவை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள். கரண்ட் வருகிறதா, எதிர்முனை தெரிகிறதா, பிழை விழுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. கலர் தெரியாதவன் இப்படி ஒரு வேலைக்குள் நுழைந்தது தெனாவெட்டா, வேறு வழி இல்லாமையா என்று எனக்கே சரியாகத் தெரியாது.

சமாளித்தேன். பழைய பெட்டிகளில் நல்லதுக்கு ஒரு விளக்கு, கெட்டதுக்கு வேறு விளக்கு. இடப்பக்கம் எரிந்தால் நல்லது, வலப்பக்கம் எரிந்தால் கோளாறு. இடத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். கேபிளுக்குள் இருக்கும் ஒயர்களை மற்றவர்கள் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். நான் ஒவ்வொரு ஜோடியிலும் டோன் என்ற ஒலியை விட்டுக் காதால் பிரிப்பேன். அவன் மெதுவாகச் செய்வான், ஆனால் தப்பு வராது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

லூப் போட்டுப் பார்ப்பதில் எனக்குப் பிடிப்பு வந்ததும் இதனால்தான். லைனில் ஓர் இடத்தில், போகும் பாதையையும் வரும் பாதையையும் சேர்த்துவிட வேண்டும். இந்த முனையில் டெஸ்டரை மாட்டி ஒரு குறிப்பிட்ட சிக்னல் பேட்டர்னை அனுப்பினால் அது அந்த இடம் வரை போய்த் திரும்பி வரும். போனது போலவே வந்தால் அதுவரை பாதை சுத்தம். சிதைந்து வந்தாலோ வராமலே போனாலோ கோளாறு இடையில்தான். டெஸ்டர் பிழையை எண்ணாகக் காட்டும். எண்ணுக்கு நிறம் கிடையாது.

இப்படிப் பதினாலு வருஷம் ஓடியது. பிறகு புதுப் பெட்டிகள் வந்தன.

புதுப் பெட்டியில் லைனுக்கு ஒரே ஒரு விளக்கு. சரியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் அதே விளக்கு சிவப்பு. எனக்கு இரண்டும் ஒரே மங்கிய மஞ்சள். பெட்டியைப் பிரித்துப் பார்த்த அன்றே இது தெரிந்துவிட்டது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

தென்னூரில் ஒரு ஸ்கேன் சென்டர் எங்கள் வாடிக்கையாளர். அவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை. அங்கே எடுக்கும் ஸ்கேன் எங்கள் லைன் வழியாகத் தென்னூருக்கு வரும். டாக்டர் இங்கே உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் சொல்வார். பெட்டி மாற்றி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த லைன் போய்விட்டது. நான் பக்கத்துத் தெருவில் வேறு வேலையாக இருந்ததால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த ரேக்கைத் திறந்தபோது செல் அடித்தது.

கூப்பிட்டது எங்கள் கண்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொள்ளும் மேடம். என்னைவிட நான்கு வயது சின்னவர், திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். எதையும் ஒருமுறைதான் கேட்பார்.

"லைன் விளக்கு பச்சையா சிவப்பா சார்?"

விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்தது. பழைய பெட்டியில் கோளாறு விளக்கு பெரும்பாலும் சிமிட்டும், நல்லதுதான் நிலையாக எரியும். ஸ்கேன் சென்டர் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். இது என்ன நிறம்மா என்று ஒரு வளர்ந்த ஆள், அதுவும் அந்தப் பெட்டியைச் சரிசெய்ய வந்த ஆள், எப்படிக் கேட்பது?

"பச்சை" என்றேன்.

"அப்ப உங்க பக்கம் சரி. ஸ்ரீரங்கத்துலதான் ஃபால்ட். நான் அங்க ஆள் அனுப்பறேன்" என்று அவர் வைத்துவிட்டார். லூப் போட்டுப் பார்க்கட்டுமா என்று நான் கேட்பதற்குள் போன் அணைந்திருந்தது. திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. விளக்கைப் பற்றி இன்னொரு கேள்வி வருமே என்று இருந்தது.

ஸ்ரீரங்கம் பக்கத்தைப் பார்ப்பவர் என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். உத்திர வீதியில் வீடு. அவர் போய்ப் பெட்டியைப் பார்த்தார், உள்ளே இருந்த சர்க்யூட் கார்டைக் கழற்றி மாட்டினார், பிறகு புதுக் கார்டே போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. தென்னூர் சரி என்று கண்ட்ரோல் ரூம் சொல்லிவிட்டதால் அவர் தன் பக்கத்தையே கிளறிக்கொண்டிருந்தார். அதற்குள் கிளையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவருக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஆனால் பார்க்க வேண்டிய டாக்டர் இங்கே. காவிரிப் பாலத்தில் மராமத்து நடந்த காலம் அது. ஸ்கேனைச் சிடியில் போட்டு ஒருவர் வண்டியில் சுற்றிக்கொண்டு எடுத்து வந்தார். ஹெல்மெட்டோடு அவர் படியேறி ஓடியதை மாடிப்படிக்குக் கீழே நின்று பார்த்தேன்.

அப்போதுதான் யாரையும் கேட்காமல் டெஸ்டரை எடுத்தேன். என் பெட்டிக்குப் பக்கத்திலேயே லூப் போட்டேன். பேட்டர்ன் திரும்பவில்லை. கோளாறு என் கைக்கெட்டும் தூரத்தில், சுவரில் இருந்த இணைப்புப் பலகையில் இருந்தது. ஒயர் ஒன்று துரு ஏறி விட்டுப்போயிருந்தது. நறுக்கி, சீவி, அழுத்தி மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. காலையிலிருந்து அந்த விளக்கு சிவப்பாகத்தான் எரிந்திருக்கிறது.

மேடத்துக்குச் சொன்னபோது, "முதல்ல பச்சையாத்தான் இருந்துச்சு, நடுவுல மாறிடுச்சு போல" என்றேன். முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்ன பொய்.

தலையில் அடிபட்டவருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் வந்த நிம்மதி அன்று மத்தியானம் வரைகூட நீடிக்கவில்லை. நல்ல கார்டைக் காரணமில்லாமல் மாற்றி நான்கு மணி நேரம் வீணடித்ததாக ஸ்ரீரங்கம் நண்பருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். அவர் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை, அவருக்கு என் மேல் சந்தேகமே இல்லை. தான் எங்கே தப்புச் செய்தோம் என்று படிப்படியாக என்னிடமே சொல்லிப் பார்த்தார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "எனக்குத்தான் கை மழுங்கிப் போச்சோ என்னமோ" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக மன்னார்புரம் போனேன். மேனேஜர் அறையில் மேடமும் இருந்தார். நல்லதாகப் போயிற்று, ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: புள்ளிப் புத்தகம், பழைய பெட்டி, புதுப் பெட்டி, பச்சை என்று சொன்னது, நடுவில் மாறியதாகச் சொன்னது. மெமோ எனக்குத்தான் வர வேண்டும் என்றேன்.

மேனேஜருடைய முதல் கேள்வி, இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாய் என்பது. பிறகு, மேலே கேட்டு முடிவு வரும் வரை ஃபீல்டுக்குப் போக வேண்டாம், ஸ்டோரில் இருந்துகொள் என்றார். எதிர்பார்த்ததுதான். நான் வெளியே வந்தபோது மேடம் பின்னாலேயே வந்தார்.

"கலர் தெரியாதது உங்க தப்பில்ல சார். தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. தெரியலைங்கறதும் ஒரு ரிப்போர்ட்தான். அதை வெச்சும் நான் வேலை பார்த்திருப்பேன்."

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னதை ஒரு நாளும் மீறாமல்தான் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை வரை வந்திருந்தேன்.

ஸ்டோர் என்பது அலுவலகத்தின் பின்கட்டு. ஜன்னல் உண்டு, காற்று வராது. பழைய பெட்டிகளைப் பட்டியல் போடுவது என் வேலை. முதல் இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள், இப்படியே விட்டால் இங்கேயே ரிட்டையர் ஆக வேண்டியதுதான் என்று புரிந்தது. பட்டியலை ஓரம் வைத்துவிட்டு மேடத்திடம் போனேன். புதுப் பெட்டி இரண்டும் ஒரு டெஸ்டரும் வேண்டும், ஸ்டோர் மேஜையில் ஒரு முழு லைனையே கட்டப்போகிறேன் என்றேன். விளக்கைப் பார்க்காமலே எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க ஒரு வரிசைமுறை உண்டாக்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் நானே ஃபீல்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். கோளாறை அவர்தான் வைப்பார்.

தினமும் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸோடு வருவார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எதையாவது கெடுத்து வைப்பார். விளக்குகள் எல்லாவற்றின் மேலும் காகிதம் ஒட்டியிருப்பார், நான் ஏமாற்றக் கூடாது என்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே நான் தேடுவதைப் பார்ப்பார். ஒயர் விட்டுப்போனது, கார்டு செத்தது, அனுப்பும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் மாற்றிக் கொடுத்தது எல்லாம் சுலபமாக அகப்பட்டன. முதலில் என் பக்கத்தில் லூப், அடுத்து நடுவில், அடுத்து எதிர்முனையில். சுத்தமாக வந்த கடைசி இடத்துக்கும் வராத முதல் இடத்துக்கும் நடுவில் கோளாறு. நோட்டில் ஒவ்வொரு படியையும் எழுதினேன்.

இரண்டாம் வாரம் ஒருநாள் அவர் என்னைக் கவிழ்த்துவிட்டார். எங்கே லூப் போட்டாலும் பேட்டர்ன் சுத்தமாகத் திரும்பியது. ஆனால் லைன் வேலை செய்யவில்லை. முக்கால் மணி நேரம் தேடித் தோற்றேன். மேடம் எழுந்து வந்து, நடுவில் இருந்த இணைப்புப் பலகையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஒயரைப் பிடுங்கிக் காட்டினார். அங்கே அவரே ஒரு லூப்பை ஒளித்து வைத்திருக்கிறார். நான் எதிர்முனையில் லூப் போட்டாலும் போடாவிட்டாலும் என் பேட்டர்ன் நடுவழியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. நான் அனுப்பியதையே வாங்கிக்கொண்டு எதிர்முனை நன்றாக இருக்கிறது என்று நம்பியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு.

அன்று நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு முதல் படி எழுதினேன்: லூப் போடுவதற்கு முன்னால் பேட்டர்னை அனுப்பிப் பார், அது திரும்பி வரக் கூடாது.

ஆறாவது வாரமோ என்னவோ, ஸ்கேன் சென்டர் லைன் மறுபடி போனது. சாலையில் யாரோ குழி தோண்டியதால் முந்தின நாள் ஒரு கான்ட்ராக்ட் குழு கேபிளை மாற்றியிருந்தது. காலையிலிருந்து தென்னூரில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஸ்ரீரங்கத்தில் நண்பர். இரண்டு பக்கமும் விளக்கு பச்சை. ஸ்ரீரங்கத்தில் லூப் போட்டும் பார்த்துவிட்டார்கள், பிழை பூஜ்யம். லைன் நன்றாக இருக்கிறது, ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டரில்தான் ஏதோ என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பத் தயாராக இருந்தார்கள். மேடம் மேனேஜரிடம் போய் என்னை அனுப்பச் சொன்னார். அவர் தயங்கியிருக்கிறார். போகட்டும், விளக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மேடம் சொன்னாராம்.

மாடிப்படிக்குக் கீழே அதே ரேக். இருந்த இருவரும் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். என் விஷயம் அவர்களுக்குத் தெரியும். ஒருவர் உதவியாக இருக்கட்டும் என்று, "ரெண்டும் பச்சைதாங்க" என்றார். தலையசைத்துவிட்டு டெஸ்டரை மாட்டினேன். ஸ்ரீரங்கம் நண்பரைப் போனில் பிடித்து, அங்கே போட்டிருக்கும் லூப்பை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்றார்.

பேட்டர்னை அனுப்பினேன். திரும்பி வந்தது. பிழை பூஜ்யம்.

வரக் கூடாதது வந்திருக்கிறது. உறுதி செய்துகொள்ள வேண்டும்.

"பெட்டியிலேருந்து லைனையே கழட்டிடுங்க."

"கழட்டியாச்சு. கையிலதான் பிடிச்சிட்டிருக்கேன்."

"எனக்கு இன்னும் வந்துக்கிட்டிருக்கு."

அவர் மெதுவாகச் சொன்னார். "அப்ப நீங்க என்னைப் பார்க்கல. உங்களையே பார்த்துட்டிருக்கீங்க."

"உங்க விளக்கு காலையிலேருந்து பச்சையா எரிஞ்சதும் அப்படித்தான். திரும்ப மாட்டிட்டு, நீங்களும் ஒரு டெஸ்டரைப் போட்டுப் பாருங்க" என்றேன். அவருக்கும் அவர் அனுப்பியதே திரும்பி வந்தது. நடுவில் எங்கோ இரண்டு பக்கமும் பார்த்து லூப் போட்டிருக்கிறார்கள்.

நடு இடம் என்றால் சிந்தாமணியில் எங்கள் கம்பெனி வாடகைக்கு வைத்திருக்கும் ஓர் அறை. தென்னூரிலிருந்து வரும் லைன் அங்கேதான் ஆற்றைத் தாண்டிப் போகும் ஃபைபரோடு சேரும். சாவி வைத்திருந்த வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். அரைமணி நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அந்த அரைமணி நேரத்தில் நூறு சந்தேகம். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? மறுபடி ஒரு பச்சையைச் சொல்லிவிட்டேனா? நோட்டை எடுத்து முதல் படியிலிருந்து படித்தேன். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது.

கதவு திறந்ததும் இணைப்புப் பலகையின் எங்கள் வரிசையைத் தொட்டு எண்ணினேன். விரல் நீளத்துக்கு இரண்டு சின்ன ஒயர்கள். ஒன்று தென்னூர்ப் பக்கத்தைத் தென்னூருக்கே திருப்பிக்கொண்டிருந்தது, இன்னொன்று ஸ்ரீரங்கத்தை ஸ்ரீரங்கத்துக்கே. கேபிளை மாற்றியவர்கள் சோதிப்பதற்காகப் போட்டுவிட்டு, எடுக்க மறந்து, இரண்டு பக்கமும் பச்சை எரிகிறது என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று இணைத்தேன். வரிசை எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

முதலில் ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. கிளையில் நின்றுபோயிருந்த ஸ்கேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக ஆரம்பித்துவிட்டனவாம். "சாப்பிட்டீங்களா? ஆத்தைத் தாண்டி வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்றார் நண்பர்.

போனேன். ராஜகோபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தோம். இலை போட்டபின் அவர் மெமோ விஷயத்தை எடுத்தார். மேனேஜர் அதை எப்போதோ திரும்ப வாங்கிவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்ன மறுநாளே. நண்பருக்கு வேறொன்றுதான் உறுத்தலாக இருந்தது. அன்று போனில் அவ்வளவு நேரம் புலம்பினேனே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயமாக இருந்தது என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டு, சரி என்றார். அவர் முழுக்க மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. சாம்பார் நன்றாக இல்லை என்று சர்வரிடம் அவர் சண்டை போட்டதில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மேலிடத்திலிருந்து முடிவு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. ஃபீல்டுக்குப் போகலாம், ஆனால் விளக்கின் நிறத்தை மட்டும் நான் ரிப்போர்ட் செய்யக் கூடாது. தேவைப்பட்டால் போட்டோ எடுத்துக் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்ப வேண்டும். எழுத்தில் கொடுத்தார்கள். முதல் தடவை படித்தபோது முகத்தில் அறைந்தது போல இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, நான் பொய் சொல்லத் தேவையில்லாமல் செய்துவிட்டார்கள் என்று பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

என் நோட்டை மேடம் டைப் அடித்து எல்லா முனைகளிலும் ஒட்டச் செய்தார். சில இடங்களில் அதன்மேல் பஞ்சாங்கக் காலண்டர் மாட்டிவிட்டார்கள். நான் போகும் இடங்களில் காலண்டரைப் பக்கத்து ஆணிக்கு மாற்றிவிட்டு வருகிறேன்.

இப்போது புது இடத்துக்கு வேலைக்குப் போனால், ரேக்கைத் திறக்கும் முன்னால் பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தில்லைநகரில் ஒரு அலுவலகத்தில், ரிசப்ஷனில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்குக் கலர் தெரியாதும்மா, இந்த விளக்கு என்ன நிறத்துல எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவள் குனிந்து பார்த்து, ஆரஞ்சு என்றாள். அப்படி ஒரு நிறம் எங்கள் பட்டியலிலேயே கிடையாது. நன்றி சொல்லிவிட்டு டெஸ்டரை எடுத்தேன்.